எந்த ஏரி மண்?

குயவர்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளுக்கு ரெண்டே அச்சுதான் இருக்கிறது. ஒன்று பெருமை. ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியம், மண்ணோடு பேசும் விரல்கள், அன்றே அறிந்திருந்த முன்னோர். இன்னொன்று ஒப்பாரி. பானை வாங்க ஆளில்லை, பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள், இதுதான் கடைசித் தலைமுறை. வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது முதல் அச்சில் எழுதினார்கள். 2020இல் வில்லியனூர்ப் பகுதியின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதும் அதே அச்சுதான். இடைப்பட்ட காலமெல்லாம் இரண்டாவது அச்சு.

இரண்டிலும் இல்லாத ஒன்று உண்டு. அது மண். அது எந்த ஏரியிலிருந்து வந்தது, அதில் என்ன கலந்தார்கள், ஏன் கலந்தார்கள், நெருப்புக்குள் அதற்கு என்ன ஆனது? ஒரு நாவலைப் பற்றி எழுதும்போது மொழியைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் ஆசிரியரின் வறுமையை மட்டும் எழுதினால் அதை விமர்சனம் என்று ஒத்துக்கொள்வோமா? கைவினையைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒத்துக்கொள்கிறோம்.

பொருளைப் பற்றி எப்படி எழுதுவது என்பதற்குப் பொருளறிவியலாளர்கள் எழுதிய இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்கிறேன். கல்லூரிகளில் 'மெட்டீரியல் சயின்ஸ்' என்று சொல்லப்படும் துறைதான் பொருளறிவியல். ஒரு பொருளின் உள்ளமைப்பு, அதைச் செய்த முறை, அதன் பண்புகள், அது பயன்பாட்டில் நடந்துகொள்ளும் விதம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று எப்படித் தீர்மானிக்கின்றன என்று கேட்பதே அங்கே வேலை. இந்த இரண்டு புத்தகங்களையும் லண்டனிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ அல்லாமல் வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து வாசித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மொட்டை மாடிப் புகைப்படம்

மார்க் மியோடொவ்னிக் எழுதிய 'ஸ்டஃப் மேட்டர்ஸ்' 2013இல் வந்தது. லண்டனில் தன் வீட்டு மொட்டை மாடியில் அவர் உட்கார்ந்திருக்கும் ஒரு புகைப்படம்தான் புத்தகத்தின் சட்டகம். படத்தில் தெரியும் பொருட்களை ஒவ்வோர் அத்தியாயமாக எடுத்துக்கொள்கிறார். எஃகு, காகிதம், கான்கிரீட், சாக்லேட், கண்ணாடி, பீங்கான் என்று பத்து. பிளாஸ்டிக் அத்தியாயத்தைத் திரைக்கதை வடிவில் எழுதியிருக்கிறார். அறிவியலை வெறுத்து ஓடியவர்களையும் உட்கார்த்தி வைக்கும் எழுத்து.

சாக்லேட் அத்தியாயம் எனக்குப் பிடித்தது. கொக்கோ வெண்ணெய் பல வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஒரு வகைதான் வாயில் போட்டதும் உருகி, கையில் உடைத்தால் 'டக்' என்று முறியும். உருக்கி ஆறவிடும் விதத்தால் அந்த வகையை வரவழைக்கிறார்கள். பொருள் அதேதான். செய்முறை மாறினால் உள்ளமைப்பு மாறும், உள்ளமைப்பு மாறினால் நாக்குக்குத் தெரியும். துறையின் சாரத்தை இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் புகைப்படத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிலிருக்கும் எல்லாமே செய்து முடிக்கப்பட்டு, வாங்கப்பட்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்தவை. பொருளின் கதை நுகர்பவரின் கையிலிருந்து தொடங்குகிறது. கண்டுபிடித்தவர்கள் வருகிறார்கள், தினமும் செய்கிறவர்கள் அதிகம் வருவதில்லை. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு பெயரடைதான் தலைப்பு. பீங்கானுக்கு அவர் வைத்திருக்கும் சொல் சுத்திகரிக்கப்பட்டது என்றும், நயமானது என்றும் இரண்டு அர்த்தம் தரும். மண்பாண்டத்தைத் தொடக்கப் படியிலும் பீங்கானை உச்சிப் படியிலும் வைக்கும் பழைய ஏணி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஏணியை ஒரு தண்ணீர்ப் பானையிடம் கொண்டுபோங்கள். சுடுமண்ணில் நுண்துளைகள் இருக்கின்றன, நீர் கசிகிறது. தேநீர்க் கோப்பைக்கு அது குறை. பானைக்கோ அதுதான் வேலையே. கசிந்த நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பத்து லிட்டர் பானையிலிருந்து நூறு கிராம் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் சேராதவரை, உள்ளே இருக்கும் நீர் ஐந்தரை டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். அப்போதும் நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உள்நாட்டு வறண்ட ஊர்களில் குளிரும் அளவுக்குப் பானை இங்கே குளிராது. ஆக ஒரு பண்பு நல்லதா கெட்டதா என்பது பொருளுக்குள் மட்டும் இல்லை. அது எதற்குப் பயன்படுகிறது, எந்த ஊர்க் காற்றில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. மியோடொவ்னிக்குக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவருடைய புத்தகத்தின் வடிவம் இதைச் சொல்ல விடவில்லை என்கிறேன்.

சூளைக்குள் நடப்பது

சரி, அப்படியென்றால் எந்த இடத்திலிருந்து தொடங்கலாம்? அய்யனார் கோயில் குதிரையிலிருந்து தொடங்கலாம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் சுடுமண் குதிரையை எல்லோரும் பார்த்திருப்போம். பொறியியலாகப் பார்த்தால் அது ஏறக்குறைய நடக்கக் கூடாத ஒரு காரியம்.

களிமண் என்பது மிக மெல்லிய தட்டுகளின் குவியல். ஒரு தட்டின் தடிமன் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தட்டுகளுக்கு நடுவே நீர் நிற்கும்வரை அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் மண் கைக்கு வளைந்துகொடுக்கிறது. காயும்போது நீர் போய்த் தட்டுகள் நெருங்கி வரும், மண் சுருங்கும். குதிரையின் காது சீக்கிரம் காயும், வயிறு மெதுவாகக் காயும். ஒரே உடம்பில் இரண்டு வேகத்தில் சுருக்கம் நடந்தால் இணைப்பில் விரிசல் விழும். அதனால்தான் நிழலில் உலர்த்துவது, ஈரத்துணி சுற்றுவது, பகுதி பகுதியாகச் செய்து சேர்ப்பது எல்லாம். அதனால்தான் மண்ணோடு மணலும் உமியும் கலப்பது. மணல் சுருங்காது, உமி நெருப்பில் எரிந்து ஆவி வெளியேற வழிவிடும். உடம்பு உள்ளே பொள்ளலாக இருப்பதும் இதே காரணத்துக்குத்தான். தடித்த மண்ணுக்குள் மிஞ்சிய ஈரம் சூளையில் நீராவியாக மாறினால் சிலை வெடித்துவிடும்.

பிறகு நெருப்பு. 450இலிருந்து 600 டிகிரி செல்சியஸ் வரைக்குமான இடைவெளியில் களிமண்ணின் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டிருந்த நீர் வெளியேறுகிறது. இந்த எல்லையைத் தாண்டாத மண்ணைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். தாண்டிய மண் இனி ஒருபோதும் களிமண் ஆகாது. திருக்குறள் சுடாத மண்கலத்தில் நீர் ஊற்றி வைப்பதை உவமையாக்கியது இந்த எல்லையைத் தெரிந்துதான்.

573 டிகிரியில் இன்னொன்று நடக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று வடிவம் மாறிப் பருக்கிறது. ஆறும்போது அதே வெப்பநிலையில் சட்டென்று சுருங்குகிறது. காயும்போது விரிசலைத் தடுக்கப் போட்ட மணல்தான் ஆறும்போது விரிசலுக்குக் காரணமாகிறது! மணலைக் கூட்டினால் ஒரு பக்கம் லாபம், இன்னொரு பக்கம் நஷ்டம். நெருப்பு அணைந்த உடனே சூளையைப் பிரிக்காமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கும் மேலே வெப்பம் ஏற ஏறத் தட்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று இளகி ஒட்டுகின்றன. காற்று தாராளமாக இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பாகும். புகையை உள்ளேயே அடைத்தால் கருப்பாகும்.

இந்த 573 என்ற எண் சூளை வைப்பவருக்குத் தேவைப்பட்டதில்லை. நெருப்பின் நிறம், புகையின் நிறம், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கணக்கு, இவை போதும். இதைப் பார்த்துத்தான் 'குயவரும் ஒரு விஞ்ஞானிதான்' என்று நாம் எழுதிவிடுகிறோம். அது சரியா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பானைக்கு முன் பொம்மை

சிரில் ஸ்டான்லி ஸ்மித் 1903இல் பிறந்து 1992இல் மறைந்த உலோகவியலாளர். 1981இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு 'எ சர்ச் ஃபார் ஸ்ட்ரக்சர்'. அறிவியல், கலை, வரலாறு மூன்றையும் சேர்த்துப் பேசும் அபூர்வமான புத்தகம். அவருடைய முக்கியமான வாதம் எளியது. மனிதன் தேவைக்காகத்தான் பொருட்களைக் கண்டுபிடித்தான் என்ற கதை தவறு. செம்பும் இரும்பும் ஆயுதமாவதற்கு முன்பே அணிகலன்கள் ஆயின. சுட்ட மண் பானையாவதற்கு முன்பே பொம்மையாயிற்று. அழகின் மேலுள்ள ஆர்வம்தான் பொருளின் பண்புகளை முதலில் கண்டெடுத்தது. தேவை பின்னால் வந்து எடுத்துக்கொண்டது.

இதற்கு வலுவான சாட்சி செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சே. அங்கே கிடைத்த சுட்ட மண் உருவங்களுக்கு இருபத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வயது. சட்டிபானை அங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பு. பமேலா வாண்டிவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1989இல் 'சயின்ஸ்' இதழில் அந்த உடைசல்களைப் பற்றி எழுதினார்கள். உடைந்த முகங்களைப் பார்த்து, இவற்றில் பல கீழே விழுந்து உடைந்தவை அல்ல, நெருப்பின் வெப்ப அதிர்ச்சியில் வெடித்தவை என்றார்கள். அந்த ஊர் மண்ணோ வெப்ப அதிர்ச்சியை நன்றாகத் தாங்கக்கூடியது. அப்படியானால் ஈரமான உருவங்களை வேண்டுமென்றே நெருப்பில் போட்டு வெடிக்க வைத்திருக்கலாம், வெடிப்பதே சடங்காக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஊகத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஓர் உடைசலின் ஓரத்தைப் பார்த்து அது எப்படி உடைந்தது என்று சொல்லும் திறன்தான் இங்கே முக்கியம். பொருளறிவியலாளரின் திறன்களில் இதை முதன்மையானது என்பேன். முடிந்துபோன வடிவத்தை நம்பாமல் அதற்குள் எழுதப்பட்டிருக்கும் வரலாற்றை வாசிப்பது. தமிழில் 'பொருள்' என்றால் அர்த்தமும்தான் என்பது இந்த இடத்தில் வசதியாக இருக்கிறது.

ஸ்மித்தின் வாதம் அய்யனார் குதிரைக்கு அப்படியே பொருந்துகிறது. அன்றாடச் சட்டிபானைக்கு அத்தனை பெரிய சவால் தேவையே இல்லை. சாமிக்குச் செய்யும் குதிரைதான் மண்ணின் எல்லையை இழுத்துப் பார்க்கிறது.

ஆனாலும் ஸ்மித்திடம் எனக்கு ஒரு விலகல் உண்டு. அவர் விளையாட்டையும் ஆர்வத்தையும் பற்றி எழுதும்போது விளையாடத் தேவையான முதலீட்டைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. அவரே லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தின் உலோகவியல் பணியை நடத்தியவர். வெப்பம் கூடக்கூடப் படிக வடிவத்தை மாற்றிக்கொண்டே போகும் புளூட்டோனியத்தை அடக்கும் வேலை அது. தோற்றுத் தோற்றுப் பார்க்க ஓர் அரசே பின்னால் நின்றது. அந்த வேலை எதில் போய் முடிந்தது என்பதும் உலகத்துக்குத் தெரியும். சூளை வைக்கும் குடும்பத்துக்கோ ஒரு சூளை கெட்டால் பல வாரத்து உழைப்பும் விறகுக் காசும் போச்சு. அங்கே ஆர்வத்துக்கு விலை உண்டு. மரபு மாறாமல் இருப்பதைப் பிடிவாதம் என்றோ பக்தி என்றோ நாம் எழுதுகிறோம். பல நேரம் அது தோல்வியைத் தாங்கக் கையில் காசில்லாத நிலை, அவ்வளவுதான்.

தோல்விக்கு இடமிருந்தால் என்னவாகும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே உதாரணம் இருக்கிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். கட்டடக்கலையும் படித்த மீக்கர், 1980களின் நடுவிலிருந்து ஒரு விசித்திரமான சோதனையைத் தொடர்ந்தார். பச்சை மண்கல்லில் வீடு கட்டி, உள்ளே சுட வேண்டிய செங்கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்தார். வீடும் சுட்டது, உள்ளே வைத்த கல்லும் சுட்டது. பல வீடுகள் கட்டினார்கள். ஆனாலும் அது ஊர் வழக்கமாகவில்லை. சோதனை என்றால் அப்படித்தான். வேண்டியது, தோற்றால் தாங்கும் இடம்.

அரிக்கமேட்டு ஓடு

வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி ஆற்றின் கிளை ஒன்று அரியாங்குப்பம் வழியாகக் கடலுக்குப் போகிறது. அதன் கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெட்சோ வகைக் கலங்களின் துண்டுகளோடு இன்னொரு வகையும் கிடைத்தது. மெல்லிய, வழுவழுப்பான சாம்பல் நிறத் தட்டுகள், நடுவில் பல்சக்கரத்தை உருட்டியது போன்ற கோலம். உருட்டு அலங்காரக் கலம் என்று பெயர். அந்தத் தொழில்நுட்பம் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது என்று வீலர் கருதினார். பின்னர் அங்கே அகழாய்வு செய்த விமலா பெக்லி, 1988லேயே இது இந்தியக் கலம்தான் என்று வாதிட்டார். நமக்குச் சந்தோஷம். ரோமானியன் இல்லை, நம்மாள் செய்தது!

அப்புறம்தான் மண்ணிடம் கேட்டார்கள். புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த வி. டி. கோக்டே எக்ஸ்கதிர் விளிம்பு விலகல் முறையில் இந்தக் கலங்களின் கனிமங்களை ஆராய்ந்து 1997இல் ஒரு முடிவைச் சொன்னார். இந்த மண் வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியின் மண்ணோடு ஒத்துப்போகிறது. 2005இல் 'ஆண்டிக்விட்டி' இதழில் வந்த வேதியியல் ஆய்வும், வெவ்வேறு ஊர்களில் கிடைத்த இவ்வகைக் கலங்கள் ஒரே புவியியல் மூலத்தைச் சேர்ந்தவை என்று வாதிட்டது. அதாவது அரிக்கமேட்டின் புகழ்பெற்ற அந்தத் தட்டு ரோமிலிருந்தும் வரவில்லை, இங்கேயும் வனையப்படவில்லை. வங்கக் கரையிலிருந்து கப்பலேறி வந்திருக்கிறது.

கலத்தின் வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு ரோம் தெரிந்தது. கிடைத்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தமிழகம் தெரிந்தது. மண்ணைப் பார்த்தவருக்குத்தான் மூன்றாவது ஊர் தெரிந்தது. இரண்டு பெருமைகளையும் ஒரே நேரத்தில் தள்ளி வைத்த அந்த முடிவில், வங்காள விரிகுடாவின் கரைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த பெரிய கதை ஒன்று திறக்கிறது.

நாம் பாகூரைப் பற்றிப் பேசினால் பாகூர்ச் செப்பேட்டைச் சொல்வோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த ஆவணம். நாம் அதில் எழுத்தைப் பேசுகிறோம், அரசனைப் பேசுகிறோம், கல்லூரியைப் பேசுகிறோம். அது செம்பு என்பதை ஒரு பெயராகத்தான் சொல்கிறோம். அந்தச் செம்பு எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது, எப்படித் தகடாயிற்று என்ற கேள்வி இலக்கியக் கட்டுரைக்குள் வருவதே இல்லை. பாகூரில் கற்றுக்கொடுக்கப்பட்டவை மட்டுமல்ல, அந்தத் தகட்டை அடித்தவருக்குத் தெரிந்திருந்ததும் கல்விதான்.

குயவர் விஞ்ஞானியா?

இல்லை என்றே நினைக்கிறேன். இதை மட்டம்தட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குயவரின் அறிவு ஒரு மண்ணோடும், ஒரு சூளையோடும், ஒரு கையோடும் கட்டப்பட்டது. அந்த எல்லைக்குள் அது ஆய்வகத்தைவிட வேகமானது, துல்லியமானது. மண்ணை விரலுக்கிடையில் தேய்த்து மணல் போதுமா என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி. பொருளறிவியலாளர் அந்த ஒரு நொடியில் திணறுவார். ஆனால் அவருடைய வேலை வேறு. மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, ஏன் என்று எழுதி வைப்பது, அந்தக் காரணத்தை இன்னொரு மண்ணுக்கு எடுத்துக்கொண்டு போவது. முதலாமவரின் அறிவு ஊன்றி நிற்கும். இரண்டாமவரின் அறிவு ஊர் விட்டு ஊர் போகும். குயவரை விஞ்ஞானி என்று கூப்பிடும்போது நாம் அவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டு, அவருக்கு உண்மையிலேயே ஒரு விஞ்ஞானி தேவைப்படும் நேரத்தில் கழன்றுகொள்கிறோம்.

அந்த நேரம் எது? மண் மாறும் நேரம். வழக்கமாக மண் எடுத்த ஏரியில் எடுக்க முடியாமல் போகிறது என்று வையுங்கள். வேறு ஏரி மண் வருகிறது. பார்க்க அதே நிறம், கைக்கும் ஏறக்குறைய அதே பதம். ஆனால் அதில் பொடிப்பொடியாகச் சுக்கான்கல் இருக்கிறது. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். சிலை நன்றாகத்தான் வெளியே வரும். வாங்கியவர் வீட்டுக்கு எடுத்துப்போன பிறகு, காற்றின் ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு மெல்லக் குடித்துப் பருக்கும். சிலையின் கன்னத்தில் சில்லு தெறிக்கும், உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். செய்தவர் மேல்தான் பழி விழும். மண்ணை நுணுக்கமாகச் சலிப்பது, சுடும் வெப்பத்தை மாற்றுவது, சுட்ட உடனே நீரில் ஊறவைப்பது என்று இதற்கு வழிகள் உண்டு. எந்த வழி இந்த மண்ணுக்கு என்பதைத் தலைமுறை அனுபவம் உடனே சொல்லாது. அந்த அனுபவம் வேறு மண்ணுடையது. சில பிடி மண்ணும், ஒரு சின்ன உலையும், பொறுமையாகக் குறிப்பெடுக்கும் ஓர் ஆளும் இருந்தால் சில வாரங்களில் சொல்லிவிடலாம்.

புவிசார் குறியீடு வில்லியனூர் என்ற பெயரைக் காப்பாற்றுகிறது. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. நல்லதுதான். ஆனால் பெயருக்குக் கிடைத்த அந்தக் காவல் ஏரிக்குக் கிடைத்த காவல் ஆகிவிடாது. பெருமைக் கட்டுரையும் ஒப்பாரிக் கட்டுரையும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் இரண்டுமே மண்ணைப் பார்ப்பதில்லை.

பழைய இலக்கியம் பார்த்திருக்கிறது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரிடம் பேசுகிறாள். அவனோடு தானும் அடங்கும்படி தாழியை அகலமாகச் செய் என்கிறாள். துயரத்தின் உச்சத்தில் அவள் வாயில் வருவது ஓர் அளவு. அகலமான தாழிக்குத் தடித்த சுவர் வேண்டும், தடித்த சுவர் காய நாளாகும், சூளையில் வெடிக்கும் ஆபத்து கூடும். அவள் கேட்பது குயவரின் கைக்கு எட்டும் எல்லையில் இருக்கும் ஒன்று. பாட்டின் வலி அந்த வினையின் கடினத்தையும் சேர்த்துத்தான் என்று நான் வாசிக்கிறேன். வில்லியனூருக்கு வடமேற்கே சுத்துக்கேணியில் தோண்டியெடுத்த ஈமக்காட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அங்கே யார் யாரிடம் என்ன அளவு சொல்லியிருப்பார்கள் என்று யோசனை ஓடும்.

மியோடொவ்னிக்கிடம் கற்க வேண்டியது, பொருளின் உள்ளே போய்ச் சொல்லும் தெளிவு. ஸ்மித்திடம் கற்க வேண்டியது, அலங்காரத்தை அற்பமாக நினைக்காத மரியாதை. கோக்டேயின் ஆய்விலிருந்து, நமக்குப் பிடித்த பதில் வராதபோதும் மண் சொல்வதைக் கேட்பது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தமிழில் ஒரு சூளையைப் பற்றி யாராவது எழுதினால் அது கைவினைக் கட்டுரையாகவும் இருக்கும், விமர்சனமாகவும் இருக்கும். அடுத்த முறை வில்லியனூர் போகிறவர்கள் சிலையின் விலையைக் கேட்பதற்கு முன்னால், இது எந்த ஏரி மண், போன வருஷமும் இதே ஏரிதானா என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.